பேரனுக்குச் சொன்ன தப்பான பதில்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபி எடுத்துக்கொண்டு உட்காருங்கள். 33 வருடம் இயற்பியல் பாடம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவன், போன வாரம் பேரனிடம் ஒரு தப்பான பதில் சொன்னேன். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

பேரன் எட்டாம் வகுப்பு முடித்துவிட்டு விடுமுறைக்கு வந்திருக்கிறான். அவன் மாமா ஒரு பிளாஸ்டிக் ஹெலிகாப்டர் மாடல் வாங்கிக் கொடுத்திருந்தார். துண்டு துண்டாக இருக்கும், பசை போட்டு நாமே ஒட்ட வேண்டும். இரண்டு நாளாகக் கூடத்துத் தரை முழுக்க அதன் பாகங்கள்தான். பாட்டி கூட்டுமாறை எடுத்துக்கொண்டு வந்து வந்து திரும்பிப் போனாள்.

கடைசித் துண்டு ஒரு பந்து. சுண்டைக்காய் அளவு இருக்கும். அதை ஹெலிகாப்டரின் சுழலும் இறக்கைக்கும் மேலே, உச்சியில் ஒட்ட வேண்டும்.

"தாத்தா, இந்தப் பந்து எதுக்கு?"

நான் செய்தித்தாளில் இருந்து தலையைத் தூக்கவில்லை. "ரேடார்டா" என்றேன்.

"ஓ" என்றான். ஒட்டிவிட்டான். அவ்வளவுதான்.

இரவு தூக்கம் வராமல் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனபோது மேசை மேல் அந்த ஹெலிகாப்டர் நின்றது. விளக்கைப் போட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தேன். பந்தின் முன்பக்கத்தில் இரண்டு சின்ன ஜன்னல்கள், கண்ணாடி மாதிரி கறுப்பாக, இரண்டு கண்கள் போல இருந்தன. எனக்குச் சுருக்கென்றது. ரேடியோ அலைக்குக் கண்ணாடி ஜன்னல் எதற்கு? அது ஒளி போவதற்கல்லவா? பத்தாம் வகுப்புப் பையன் கேட்க வேண்டிய கேள்வி. எனக்கு அப்போதுதான் தோன்றியது.

மறுநாள் காலையில் இருந்து நான்கு நாள் இதையேதான் படித்தேன். படித்ததை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன்.

அந்த ஹெலிகாப்டரின் பெயர் கியோவா வாரியர். அமெரிக்க ராணுவத்தின் ஓஎச்-58டி. ஆயுதம் தாங்கிய வேவு ஹெலிகாப்டர் என்ற வகையைச் சேர்ந்தது. அதன் உச்சியில் இருப்பது ரேடார் இல்லை, கண். ஒரு தொலைக்காட்சிக் கேமரா, இருட்டிலும் பார்க்கும் வெப்பக் கேமரா, ஒரு லேசர் கருவி ஆகிய மூன்றும் அந்தப் பந்துக்குள் இருக்கின்றன. நான் ஏன் ரேடார் என்று சொன்னேன் என்பதும் பிறகுதான் புரிந்தது. அப்பாச்சி லாங்போ என்ற பெரிய தாக்குதல் ஹெலிகாப்டரிலும் இதே இடத்தில் ஒரு குமிழ் இருக்கும். அது நிஜமாகவே ரேடார். அந்தப் படம் எப்போதோ மனதில் பதிந்திருக்கிறது. இதைப் பார்த்ததும் அதுதான் இது என்று முடிவு கட்டிவிட்டேன்.

சரி, கண்ணைக் கொண்டுபோய் ஏன் உச்சந்தலையில் வைக்க வேண்டும்? மூக்கில் வைத்தால் ஆகாதா?

இதற்குப் பதில் 1980-களின் ஐரோப்பாவில் இருக்கிறது. சோவியத் டாங்கிகள் கிழக்கில் இருந்து ஜெர்மனிக்குள் நுழைந்தால் எப்படித் தடுப்பது என்பதுதான் அன்றைக்கு அமெரிக்க ராணுவத்தின் பெரிய கவலை. அங்கே காடுகளும் குன்றுகளும் அதிகம். வேவு பார்க்கும் ஹெலிகாப்டர் ஒரு மரக்கூட்டத்துக்குப் பின்னால் அந்தரத்தில் அசையாமல் நிற்க வேண்டும். எதிரிக்குத் தெரியக் கூடாது, ஆனால் தான் எதிரியைப் பார்க்க வேண்டும். கண் மூக்கில் இருந்தால் முழு ஹெலிகாப்டரும் மரத்துக்கு மேலே வந்தாக வேண்டும். வந்தால் சுட்டுவிடுவார்கள். கண் உச்சியில் இருந்தால் அந்தப் பந்து மட்டும் மரத்துக்கு மேலே எட்டிப் பார்த்தால் போதும். மீதி உடம்பு கீழே பத்திரமாக இருக்கும்.

வகுப்பில் நாமெல்லாம் அட்டைப்பெட்டியில் இரண்டு கண்ணாடியைச் சாய்த்து வைத்துச் செய்த பெரிஸ்கோப்தான் இது. நீர்மூழ்கிக் கப்பலில் இருப்பதை ஆகாயத்தில் வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு சந்தேகம் வந்தது. இறக்கைதான் சுற்றுகிறதே, அதன் உச்சியில் இருக்கும் பந்தும் கூடவே சுற்றாதா? சுற்றினால் எப்படிப் பார்ப்பது? இதற்கு நம் வீட்டிலேயே விடை இருக்கிறது. நடுவில் விளக்கு வைத்த சீலிங் ஃபேன் பார்த்திருப்பீர்கள். இறக்கை சுற்றும், நடுவில் இருக்கும் விளக்கு சுற்றாது. ஃபேனின் நடுத்தண்டு அசையாது, அதற்குள் வழியாக வயர் போகும், அதைச் சுற்றி இருப்பதுதான் சுழலும். அதே சங்கதியைத் தலைகீழாகப் போட்டால் கியோவா. சுழலும் தண்டு உள்ளே குழாய் போலக் காலியாக இருக்கிறது. அதற்குள் சுழலாத இன்னொரு தண்டு. அதன் நுனியில் பந்து. ஹெலிகாப்டரின் நடுக்கம் படத்தைக் கெடுக்காமல் இருக்கத் தனி ஏற்பாடும் உண்டு.

இப்போது அந்த லேசர் கருவி. அதற்கு இரண்டு வேலை. முதல் வேலை தூரம் அளப்பது. ஒளியை அனுப்பி, அது பட்டுத் திரும்பி வரும் நேரத்தைக் கணக்கிடும். ஒளி நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகும். 3 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் டாங்கியில் பட்டுத் திரும்ப மொத்தம் 6 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் ஒரு நொடியை 10 லட்சம் பங்காக்கி அதில் 20 பங்கு. அவ்வளவு குறுகிய நேரத்தை அளந்து தூரத்தைச் சொல்லிவிடும்.

இரண்டாவது வேலைதான் முக்கியம். சுட்டிக்காட்டுவது. நாம் கரும்பலகையில் குச்சியால் தொட்டு "இது ஆக்சிஜன், இது ஹைட்ரஜன்" என்று காட்டுவோமே, அது போல. கியோவா லேசரை ஒரு டாங்கியின் மேல் பிடித்துக்கொண்டிருந்தால் போதும். எங்கேயோ பின்னால் ஒளிந்திருக்கும் அப்பாச்சி ஹெலிகாப்டர் ஹெல்ஃபயர் ஏவுகணையை விடும். ஏவுகணை, டாங்கியின் மேல் பட்டுச் சிதறும் அந்த லேசர் ஒளியைத் தேடிப் போய் விழும். அப்பாச்சி அந்த டாங்கியைக் கண்ணால் பார்த்திருக்கவே வேண்டாம். பீரங்கிப் படையிடமும் லேசரைத் தேடிப் போகும் காப்பர்ஹெட் என்ற குண்டு இருந்தது. அதற்கும் இதே மாதிரி சுட்டிக்காட்டலாம். இலக்கு எங்கே இருக்கிறது என்ற விவரத்தை வாயால் சொல்லாமல், எழுத்துச் செய்தியாகவே பீரங்கிப் படைக்கு அனுப்பும் வசதியும் கியோவாவில் இருந்தது. செல்போனில் எஸ்எம்எஸ் நமக்கு அறிமுகமாவதற்கு முன்பே!

ஆக, முதலில் இதன் வேலை அடிப்பது அல்ல, அடிக்க வேண்டியதைக் காட்டிக்கொடுப்பது.

இதன் பூர்வீகமும் சுவாரசியமானது. 1960-களில் அமெரிக்க ராணுவம் ஒரு சின்ன வேவு ஹெலிகாப்டருக்குப் போட்டி வைத்தது. பெல் நிறுவனமும் கலந்துகொண்டு 1965-இல் தோற்றுப் போனது. ஹியூஸ் நிறுவனத்தின் ஓஎச்-6 வென்றது. தோற்ற பெல் சும்மா இருக்கவில்லை. அதே ஹெலிகாப்டரின் உடம்பை அழகாக மாற்றி, ஜெட்ரேஞ்சர் என்று பொதுமக்கள் பயன்பாட்டுக்கு விற்றது. உலகம் முழுக்க ஓடியது. இதற்கிடையில் ஹியூஸ் விலையை ஏற்றியது, உற்பத்தியும் தாமதமானது. ராணுவம் மறுபடி போட்டி வைத்தது. 1968-இல் பெல் வென்றது. அதுதான் முதல் கியோவா. முதல் தேர்வில் ஃபெயிலாகி மறுதேர்வில் பாஸான பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட பிள்ளைகள் பிற்காலத்தில் நன்றாக வருவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்போது வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தது. அங்கே வேவு பார்த்த விதத்தைப் படித்தபோது மனம் கனத்தது. ஒரு சின்ன ஹெலிகாப்டர் மர உச்சியை ஒட்டித் தாழ்வாகப் பறக்கும். அதற்கு மேலே உயரத்தில் கோப்ரா என்ற தாக்குதல் ஹெலிகாப்டர் வட்டமிடும். காட்டுக்குள் யாராவது இருந்தால் கீழே பறப்பதைச் சுடுவார்கள். சுட்டதும் இடம் தெரிந்துவிடும். மேலே இருக்கும் கோப்ரா பாயும். வேவுக் குழுவுக்கு வெள்ளை என்றும் தாக்குதல் குழுவுக்குச் சிவப்பு என்றும் குறியீட்டு நிறம் உண்டு. இரண்டும் சேர்ந்து போவதால் இந்த ஜோடிக்கு 'இளஞ்சிவப்புக் குழு' என்று பெயர் வைத்தார்கள். பெயர் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கீழே பறந்த பையன் தூண்டிலில் மாட்டிய புழு. எதிரியைப் பார்ப்பதற்கு, தன்னைச் சுடவிடுவதே வழியாக இருந்திருக்கிறது.

அதனால் பந்துக்கண் வந்தபோது அது பெரிய விஷயம். இனி உயிரைப் பணயம் வைத்துப் பார்க்க வேண்டாம், மறைந்திருந்து பார்க்கலாம். பழைய இரண்டு இறக்கைக்குப் பதில் நான்கு இறக்கை, புது எஞ்சின், உச்சியில் பந்து என்று மாற்றிச் செய்த ஓஎச்-58டி 1983 அக்டோபரில் முதன்முதலாகப் பறந்தது.

அப்போதும் அதில் ஆயுதம் இல்லை. ஆயுதம் வந்த கதை வேறு.

1987-இல் ஈரான், ஈராக் போர் உச்சத்தில் இருந்தது. பாரசீக வளைகுடாவில் எண்ணெய்க் கப்பல்களைத் தாக்கினார்கள். ஈரான் இரவில் கடலில் கண்ணிவெடி மிதக்கவிட்டது. செப்டம்பரில் 'ஈரான் அஜ்ர்' என்ற கப்பல் கண்ணிவெடி போடுவதை அமெரிக்கச் சிறிய ஹெலிகாப்டர்கள் இருட்டில் கண்டுபிடித்துத் தாக்கின. இந்த வேலைக்கு இரவிலும் பார்க்கும் கண் வேண்டும், கப்பலில் இறங்கக்கூடிய சின்ன உடம்பு வேண்டும், தேவைப்பட்டால் அப்போதே அடிக்க ஆயுதமும் வேண்டும். 15 ஓஎச்-58டி ஹெலிகாப்டர்களுக்கு அவசர அவசரமாக ஆயுதம் மாட்டினார்கள். 1988-இல் அவை வளைகுடாவுக்குப் போயின. கடலில் காடு ஏது, குன்று ஏது? மறைந்து நின்று காட்டிக்கொடுப்பதற்குச் செய்த ஹெலிகாப்டர் அங்கே தானே தேடி, தானே அடித்தது. அது நன்றாக வேலை செய்ததால் மற்றவற்றுக்கும் ஆயுதம் மாட்டினார்கள். கியோவா என்ற பெயரோடு வாரியர் ஒட்டிக்கொண்டது.

என்னென்ன ஆயுதம்? இருபக்கமும் ஆயுதம் மாட்ட ஒவ்வொரு தாங்கி. அதில் ஹெல்ஃபயர் ஏவுகணை இரண்டு மாட்டலாம், அல்லது 70 மில்லிமீட்டர் ராக்கெட் ஏழு கொண்ட குழாய் மாட்டலாம், அல்லது விமானத்தை அடிக்கும் ஸ்டிங்கர் ஏவுகணை இரண்டு மாட்டலாம். இடது பக்கத்தில் 12.7 மில்லிமீட்டர் எந்திரத் துப்பாக்கி வைக்கலாம். போகும் வேலையைப் பொறுத்து இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி மாட்டிக்கொள்வார்கள்.

எல்லாவற்றையும் ஒன்றாக மாட்ட முடியாது. இங்கேதான் நம் பாடம் வருகிறது. இதற்கு ஒரே ஒரு எஞ்சின். 650 குதிரைத்திறன். எல்லாம் சேர்த்து அதிகபட்சம் சுமார் 2,500 கிலோ எடையோடுதான் கிளம்பலாம். அப்பாச்சிக்கு இரண்டு எஞ்சின், இதைப் போல நான்கு மடங்கு எடை. ஹெலிகாப்டர் பறப்பது காற்றைக் கீழே தள்ளுவதால். காற்று அடர்த்தியாக இருந்தால் தூக்குவது சுலபம். மேலே போகப் போகக் காற்று மெலியும். 3,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். வெயில் ஏறினால் இன்னும் மெலியும். ஆப்கானிஸ்தானில் மலையும் உண்டு, கோடையில் கொளுத்தும் வெயிலும் உண்டு. அங்கே இந்த விமானிகள் தினமும் காலையில் போட்டது ஒரு கழித்தல் கணக்கு. எரிபொருளைக் குறைத்தால் குண்டு கொண்டு போகலாம், ஆனால் நேரம் குறையும். குண்டைக் குறைத்தால் நேரம் கிடைக்கும், ஆனால் போன இடத்தில் கையில் ஒன்றும் இருக்காது.

எடையைக் குறைக்க அவர்கள் செய்த முதல் வேலை, கதவைக் கழற்றி வைத்தது. ஆமாம், கதவே இல்லாமல்தான் பறந்தார்கள். வலப்பக்கம் விமானி, இடப்பக்கம் வேவு பார்ப்பவர், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். கதவு இல்லாததால் எடையும் குறைந்தது, கீழே நன்றாகவும் தெரிந்தது. சில நேரம் கையில் இருக்கும் துப்பாக்கியை வெளியே நீட்டிச் சுட்டார்கள். எந்திரத் துப்பாக்கி உடம்போடு இறுக்கி வைத்தது, தனியாகத் திரும்பாது. குறிபார்க்க முழு ஹெலிகாப்டரையும் திருப்ப வேண்டும். முன்கண்ணாடியில் மெழுகுப் பென்சிலால் ஒரு குறி போட்டு வைத்துக்கொண்டு, அந்தக் குறிக்கு நேரே இலக்கு வந்ததும் சுட்டவர்கள் உண்டு. உச்சியில் லேசர் கண், முன்னால் மெழுகுப் பென்சில் குறி! படித்தபோது சிரித்துவிட்டேன். எந்தத் தொழிலிலும் கடைசியில் கைப்பழக்கம்தான் காப்பாற்றும் போல.

தரையில் இருந்த சிப்பாய்களுக்கு இந்த ஹெலிகாப்டர் மேல் தனிப் பிரியம் இருந்திருக்கிறது. காரணம், அது கிட்டத்தில் வரும். ரேடியோவில் பேசும் குரல் நடுங்கினால் விமானிக்குத் தெரியும். ஓர் ஆளை இன்னோர் ஆள் கையசைத்து அழைக்கும் தூரம்.

ஆனால் அந்தப் பந்துக்கண் என்ன ஆயிற்று? ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் மறைந்து நிற்க ஜெர்மனிக் காடு இல்லை. அசையாமல் நின்றால் கீழே இருந்து சுடுவார்கள். ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், நேர் கீழே பார்க்க வேண்டும். உச்சியில் இருக்கும் கண்ணுக்கு நேர் கீழே பார்க்க இறக்கையும் உடம்பும் மறைக்கும். எந்த இடத்தில் வைத்ததால் அது பெருமை பெற்றதோ, அந்த இடமே இடைஞ்சலாகிவிட்டது. 2013-இல் ஓஎச்-58எஃப் என்ற புது மாதிரி பறந்தது. அதில் பந்தை எடுத்துவிட்டுக் கண்ணை மூக்குக்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

அதுவும் நிலைக்கவில்லை. 2014-இல் அந்தத் திட்டத்தை நிறுத்தினார்கள். கியோவாக்களையே ஓய்வு கொடுத்து அனுப்பத் தொடங்கி, 2017-க்குள் முடித்துவிட்டார்கள். பணம் போதவில்லை என்பது ஒரு காரணம். அப்பாச்சியும் ஷேடோ என்ற ஆளில்லா விமானமும் சேர்ந்து வேவு பார்க்கும் என்றார்கள். பழைய கியோவாக்களில் 16 குரோஷியாவுக்கும் 70 கிரீஸுக்கும் போயின.

இதற்கு வாரிசு கொண்டுவர அமெரிக்கா பட்ட பாடு தனிக் கதை. கமான்சி என்று ஒன்று, ரேடாரில் எளிதில் சிக்காத வடிவம், ஆயுதமெல்லாம் வயிற்றுக்குள். 1996-இல் பறந்தது. இரண்டே இரண்டு செய்தார்கள். சுமார் 700 கோடி டாலர் செலவான பிறகு 2004-இல் கைவிட்டார்கள். அடுத்து அரபாஹோ. விலை ஏறிக்கொண்டே போனதால் 2008-இல் அதுவும் ரத்து. பிறகு இன்னொரு பெரிய திட்டம், குறைந்தது 200 கோடி டாலர் செலவு, 2024 பிப்ரவரியில் ரத்து. உக்ரைன் போரில் மலிவான ட்ரோன்கள் வானத்தை நிறைத்துவிட்டதைப் பார்த்தவர்கள், ஆள் போய் வேவு பார்க்கும் காலம் மாறிவிட்டது என்று முடிவு செய்தார்கள்.

இந்தப் பெயர்களைக் கவனித்தீர்களா? கியோவா, கமான்சி, அரபாஹோ, அப்பாச்சி. எல்லாம் அமெரிக்கப் பழங்குடி மக்களின் பெயர்கள். அந்த மக்களோடு போரிட்ட அதே ராணுவம் தன் ஹெலிகாப்டர்களுக்கு அவர்கள் பெயரை வைத்திருக்கிறது. மரியாதைக்கு என்கிறார்கள். இருக்கலாம். சரித்திரம் சொல்லிக்கொடுக்கும் நண்பர்கள் கருத்துப் பெட்டியில் சொல்லுங்கள்.

இதெல்லாம் படித்துக்கொண்டு போகையில் ஒரு இடத்தில் நின்றுவிட்டேன்.

2007 ஜூலை 12. பாக்தாத். கியோவா இல்லை, இரண்டு அப்பாச்சி ஹெலிகாப்டர்கள். கீழே தெருவில் சிலர் நடந்து போகிறார்கள். சிலரிடம் ஆயுதம் இருந்தது என்று பிறகு ராணுவ விசாரணை சொன்னது. ஆனால் அவர்களில் இரண்டு பேர் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தவர். புகைப்படக்காரர் நமீர் நூர் எல்தீன், ஓட்டுநர் சயீத் ச்மாக். தோளில் தொங்கிய கேமரா, மேலே இருந்து பார்த்தவர்களுக்கு ஆயுதமாகத் தெரிந்தது. சுட்டுவிட்டார்கள். இருவரும் இறந்தார்கள். அடிபட்டவரைத் தூக்க வந்த வேனையும் சுட்டார்கள். அதில் இருந்த இரண்டு குழந்தைகள் காயமடைந்தார்கள். அந்த ஹெலிகாப்டரின் கேமரா எடுத்த படமே 2010-இல் வெளியாகி உலகம் பார்த்தது.

நல்ல கேமராதான். இருட்டிலும் பார்க்கும் கேமரா. பல கிலோமீட்டரைப் பக்கத்தில் கொண்டுவரும் கேமரா. அதில் கறுப்பாக ஏதோ தொங்குவது தெரிந்தது. அது என்ன என்பதைக் கேமரா சொல்லவில்லை. பார்த்தவர் மனதில் ஏற்கெனவே இருந்த படம் சொன்னது.

அன்று நான் புத்தகத்தையும் செல்போனையும் மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். காரணம், எனக்கு ஒரு பையன் நினைவுக்கு வந்தான்.

பல வருடத்துக்கு முன், அரையாண்டுத் தேர்வு. நான் மேற்பார்வை. கடைசி வரிசையில் ஒருவன் அடிக்கடி இடது உள்ளங்கையைப் பார்க்கிறான். மேடையில் நிற்பவனுக்கு எல்லாம் தெரியும் என்று நாம் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்வோமே, எனக்கும் தெரிந்தது. நேரே போய் விடைத்தாளைப் பிடுங்கினேன். "வெளிய போய் நில்லு" என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. 20 நிமிடம் கழித்து வராந்தாவுக்குப் போய்க் கையைக் காட்டச் சொன்னேன். பேனாவால் இரண்டு பேருந்து நேரமும் ஒரு வார்டு எண்ணும் எழுதியிருந்தான். அவன் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார். தேர்வு முடிந்ததும் எந்தப் பேருந்தைப் பிடிப்பது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்தேன். "முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று அதட்டவும் செய்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை. வாத்தியார் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் அப்போது எங்களிடம் இல்லை.

என் கையில் பிரம்புதான் இருந்தது, ஏவுகணை இல்லை. அதனால் ஒரு பையனின் 20 நிமிடத்தோடு போயிற்று. பார்வையும் ஆயுதமும் ஒரே கையில் இருப்பதன் ஆபத்து இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. வேவு பார்ப்பவன் வேவு மட்டும் பார்த்தால், "அது என்ன?" என்று இன்னொருவன் கேட்க ஒரு இடைவெளி இருக்கும். பார்த்தவனே அடிப்பவனும் ஆனால் அந்த இடைவெளி போய்விடுகிறது. அது போரில் தரையில் இருக்கும் சிப்பாயின் உயிரைக் காப்பாற்றும், மறுக்கவில்லை. கியோவாவைக் கூப்பிட்டு உயிர் பிழைத்தவர்கள் நிறையப் பேர். தெருவில் கேமராவோடு போனவன் உயிரை எடுப்பதும் அதே வேகம்தான்.

இப்போது ட்ரோன் வந்துவிட்டது. பார்ப்பவர் எங்கோ தொலைவில் திரைக்கு முன் உட்கார்ந்திருக்கிறார். கண் முன்னைவிடக் கூர்மை. இன்னும் கூர்மையாகும். அந்தப் பையன் கையில் இருந்தது பிட்டா, பேருந்து நேரமா என்பதை அது எப்போது கண்டுபிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. நான் இரண்டு அடி தூரத்தில் நின்றும் கையை விரித்துக் காட்டச் சொன்ன பிறகுதானே கண்டுபிடித்தேன்?

நேற்று சாயங்காலம் பேரனைக் கூப்பிட்டேன். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

"கண்ணா, அன்னைக்கு அந்தப் பந்து ரேடார்னு சொன்னேனில்ல, அது தப்பு. அது கேமரா, லேசர் எல்லாம் வச்ச கண்ணு."

அவன் ஹெலிகாப்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "தெரியும் தாத்தா" என்றான்.

"எப்படிரா தெரியும்?"

"பெட்டியிலயே போட்டிருக்கு."

பெட்டியை எடுத்து வந்து காட்டினான். பக்கவாட்டில் சின்ன எழுத்தில் இருந்தது. கண்ணாடி போட்டுப் படித்தேன். உண்மைதான்.

"அப்ப ஏன்டா அன்னைக்கே சொல்லல?"

"நீங்க வாத்தியாராச்சே தாத்தா. சொன்னா நல்லாயிருக்காதுன்னு விட்டுட்டேன்."

பாட்டி அடுக்களையில் இருந்து சிரித்தது வாசல்வரை கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வராந்தாவில் ஒன்றும் சொல்லாமல் நின்ற அந்தப் பையன்தான் ஞாபகத்துக்கு வந்தான். இப்போது அவனுக்கு நாற்பது வயதாவது இருக்கும். இந்தப் பதிவு அவன் கண்ணில் பட்டால், தம்பி, அன்றைக்குச் செய்தது தப்பு. மன்னித்துக்கொள். அம்மா நன்றாக இருக்கிறார்களா?

மற்ற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேலே எழுதியதில் ஏதாவது பிழை இருந்தால் வாத்தியார் என்று பார்க்காமல் சொல்லுங்கள். திருத்திக்கொள்கிறேன்.